நாலு மாத்திரை உயரம்

வணக்கம். ஆப்பிரிக்காவின் வளர்ச்சிக்குக் கூட்டாளிகளாக இருக்கிறோம் என்று சொல்லி உலக நாடுகள் ஐம்பது வருடமாகப் பணத்தைக் கொட்டுகின்றன. அங்கே எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஊழல் ஒரு காரணம், மக்களின் மனநிலை இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். இப்போது சீனாவும் போட்டியில் இருக்கிறது. இந்தியா என்ன செய்ய வேண்டும்?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். "மக்களின் மனநிலை" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! 54 நாடுகள், அத்தனை மொழிகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே மனநிலையா? உங்கள் தெரு ரேஷன் கடை சரியாக நடக்காததற்கு இந்தியர்களின் மனநிலைதான் காரணம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினால் சும்மா இருப்பீர்களா?

சீனாவை விடுங்கள். ஊழல் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எதுவும் மாறவில்லை என்பதை மட்டும் என்னால் விட முடியாது.

ஆற்றுக் குருடு என்று ஒரு நோய். வேகமாக ஓடும் ஆற்றில் முட்டையிடும் ஒரு சின்னக் கறுப்பு ஈ கடிக்கக் கடிக்க உடம்புக்குள் புழு சேர்ந்து, அது போடும் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் அலைந்து, அரிப்பில் தொடங்கிப் பார்வை போவதில் முடியும். மேற்கு ஆப்பிரிக்காவின் சில ஆற்றோர ஊர்களில் 40 வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப்பேர் வரை பார்வை இழந்திருந்தார்கள். நல்ல விளைநிலத்தை அப்படியே போட்டுவிட்டு ஜனங்கள் ஆற்றை விட்டுத் தள்ளிப் போனார்கள். பார்வை போனவரின் கோலுக்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் முன்னால் நடப்பான். ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் அந்தக் காட்சியைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள்.

நானும் அப்படிக் கோல் பிடித்த பையன்தான். தாத்தாவுக்குக் கண்புரை முற்றியிருந்தது, ஆபரேஷனுக்குப் பயந்தார். மூன்றாம் வகுப்பில் பாதி நாள் அவரோடுதான் நடந்தேன். வழியில் கல் கிடந்தால் வாயால் சொல்ல வேண்டாம், கோலை லேசாகத் தூக்கினால் போதும், அவர் காலைத் தூக்குவார். அவர் கை நடுக்கம் கோல் வழியாக என் கைக்கு வரும். பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று என்னை யாரும் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1974இல் ஏழு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஹெலிகாப்டரில் ஆறு ஆறாகப் போய் ஈயின் புழுக்களைக் கொல்ல மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள். 1987இல் மெர்க் என்ற மருந்து நிறுவனம் இந்த நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படும் காலம் வரைக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2002இல் அந்த மருந்து தெளிப்புத் திட்டம் முடிந்தபோது 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி குடியேறிப் பயிரிடத் தகுந்ததாகியிருந்தது. இதெல்லாம் பெரிய காரியம்தான், ஆனால் எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுவது வேறு.

அந்த மாத்திரை குஞ்சுகளைத்தான் கொல்லும். தாய்ப்புழு பத்துப் பதினைந்து வருடம் உயிரோடு கிடக்கும். ஆக அத்தனை வருடமும், தார் ரோடு முடிந்து மண்பாதையும் முடிந்த ஊரிலும், வருடம் தவறாமல் மாத்திரை போக வேண்டும். வண்டியில் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் 1995இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் பொறுப்பை ஊரிடமே கொடுத்தார்கள். மாத்திரை கொடுக்கும் ஆளை ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும். எந்த மாதம் கொடுப்பது, வீடு வீடாகவா ஒரே இடத்திலா, அதையும் ஊரே சொல்லும். கூட்டாளி என்றால் இதுதான் எஸ். முடிவெடுக்கும் இடத்தில் ஆள் இல்லாதவனைக் கூட்டாளி என்று சொல்லாதீர்கள், அவன் வாங்கிக்கொள்பவன், அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று ஒரு பம்பை 2006இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலரோடு கொண்டாடினார்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் சுற்றுவார்கள்? கடைசியில் பெண்கள்தான் குனிந்து தள்ளினார்கள். அந்தப் பெண்களை முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: கேட்டிருக்க வேண்டும்.

வேலைக்காகக் கானாவில் இருந்தபோது, வடக்கே தமாலேக்கு அப்பால் ஒரு ஊரில் மாத்திரை கொடுப்பதைப் பார்த்தேன். எடைக்கருவி கிடையாது. கோடு போட்ட ஒரு கோல், அதன் பக்கத்தில் நிற்க வேண்டும், உயரத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து நாலு மாத்திரை வரை. கொடுத்தவர் அந்த ஊர் அம்மா ஒருவர், சம்பளம் கிடையாது, ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார். ஒரு மாத்திரை உயரமுள்ள பையன் இரண்டுக்காகக் குதிகாலைத் தூக்கினான், அந்த அம்மா அவன் தலையில் கை வைத்து அழுத்தினார்.

அவனோடு வந்த தாத்தாவுக்கு இரண்டு கண்ணும் எப்போதோ போய்விட்டது. இனி எந்த மாத்திரையும் அதைத் திருப்பிக் கொடுக்காது. அவர் ஏன் விழுங்குகிறார் என்று கூட வந்தவரைக் கேட்டேன். பெரியவரைக் கடித்த ஈ அடுத்து அந்தப் பையனைக் கடிக்குமே என்றார். பையன் தாத்தாவின் கையைப் பிடித்துக் கோலின் பக்கத்தில் நிறுத்தினான். அவர் நிமிர்ந்து நின்றார். நாலு மாத்திரை.

அன்புடன்