மூக்குத்தி இடம் மாறினால்: படம் ஒட்டுவோர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில், போட்டோ எடிட்டிங் பைத்தியம் பிடித்தவர்கள் கூடுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகள், பட்டணத்துப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் என்று கலவையான கூட்டம். போன தடவை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் நிறைய மிஞ்சிவிட்டன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தொழில்காரன் இல்லை. பகலில் லாரிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், இரவில் இது.

அண்ணே, என் மடிக்கணினி பழசு, நாலு ஜிபிதான். போட்டோஷாப்புக்குக் காசும் இல்லை. என்ன செய்ய? (ஐந்தாம் படிவ மாணவன்)

ஃபோட்டோபியா போதும் தம்பி. பிரௌசரிலேயே திறக்கும், காசு கேட்காது. இல்லையென்றால் கிம்ப், 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் ஸ்னாப்சீட் வைத்து நிறமும் வெளிச்சமும் பழகலாம், ஆனால் வேறு வேறு படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிற ஒட்டுவேலைக்கு அது பத்தாது. லேயரும் (படத்தின் மேல் தனித்தனியாக அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி) மாஸ்கும் (வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைப்பது) உள்ள எதுவானாலும் சரி. 1990இல் போட்டோஷாப் வந்தபோது அதிலேயே லேயர் கிடையாது, 1994இல்தான் சேர்த்தார்கள். அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான்.

தாத்தாவின் படம் ஒன்றே ஒன்று, பழைய அடையாள அட்டைக்கு எடுத்தது. பாட்டியின் படம் அத்தை கல்யாணத்தில் எடுத்தது. இருவரையும் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா? (தையல் கடை அக்கா)

முடியும் அக்கா. ஆனால் உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். சின்னப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அப்புறம் இரண்டையும் அருகருகே வைத்து, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அட்டைப் படத்தில் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்திருக்கும், நிழலே இருக்காது. கல்யாணப் படம் பிளாஷ் போட்டு எடுத்ததென்றால் உங்களுக்கு யோகம், அதுவும் நேர் வெளிச்சம்தான். பந்தலுக்குப் பக்கவாட்டில் வந்த பகல் வெளிச்சம் என்றால் தாத்தாவின் ஒரு கன்னத்தில் மெல்ல இருட்டு சேர்க்க வேண்டும். புது லேயர், அதன் பிளெண்ட் (கீழே உள்ளதோடு கலக்கும் முறை) மல்டிப்ளை, அது கீழே உள்ளதை இருட்டாக்கும். பெரிய மென்மையான பிரஷ், பத்து சதவீத ஒபாசிட்டி (அடர்த்தி). கறுப்பைத் தொடாதீர்கள். அவர் தாடைக்குக் கீழே இருக்கிற நிழல் நிறத்தையே எடுத்துப் பூசுங்கள்.

நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, அப்பா அம்மா இருவரின் இளவயதுப் படங்களை ஒட்டி பிரேம் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தினம் கண்ணாடியில் பார்க்கிற முகம் அதுதானே! அப்பாதான் பிரேமைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மா மூக்குத்தியை எப்ப இந்தப் பக்கம் மாத்துனா?" என்றார். மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தது, முந்தானை வலத்தோளில் தொங்கியது. ஆண்கள் படத்தைத் திருப்பினால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். வகிடு, மச்சம், கைக்கடிகாரம் எல்லாமே காட்டிக் கொடுக்கும். அதனால் திருப்பாதீர்கள், நிழலைத் திருத்துங்கள்.

கடைசியாக ஒன்று. தெளிவான படத்தை மங்கலான படத்தின் தரத்துக்கு இறக்க வேண்டும், மங்கலானதை ஏற்ற முயன்றால் பொம்மை முகமாகிவிடும். இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள் (கிரெயின்) உள்ள ஒரே லேயர் ஒன்றைப் போடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

செம்பனை மரத்தடியில் எடுத்த தங்கச்சி படத்தை வெட்டினால் முடி ஓரமெல்லாம் பச்சை. ஏன்?

மட்டைக்குள் புகுந்து வரும் வெளிச்சமே பச்சை. சுருள் முடிக்குள் பின்னணியும் கலந்திருக்கும். முடிமேல் ஒரு லேயர் போட்டு, பிளெண்டை 'கலர்' ஆக்கி, முடியின் பழுப்பு நிறத்தைப் பூசினால் போய்விடும். கன்னத்திலும் கழுத்திலும் பச்சை இருக்கும், அதை மறந்துவிடாதே. அடுத்த தடவை வெட்டப் போகிறோம் என்று தெரிந்தால் வீட்டு வாசல் நிழலில், வெளிர் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடு.

ஆள் காற்றில் மிதக்கிற மாதிரியே இருக்கிறது. நிழல் போட்டும் சரியாகவில்லை. (பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தம்பி)

உன் படத்தைப் பார்த்தேன். நீண்ட நிழல் போட்டிருக்கிறாய், செருப்புக்கு அடியில் ஒன்றும் இல்லை. நிழல் இரண்டு வகை. பாதம் தரையைத் தொடுகிற இடத்தில் விரற்கடை அகலத்துக்கு, கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அதுதான் ஆளைத் தரையில் நிறுத்துகிறது. நீண்ட நிழல் அதற்கப்புறம். அது காலருகே கூர்மையாக இருந்து, தள்ளிப் போகப் போக மங்கும்.

இன்னொன்று, நீ எடுத்த வானம் ஐரோப்பாவில் எங்கேயோ சாயங்காலம். ஆள் மட்டும் நம் ஊர் நண்பகல். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்தில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த உச்சியும் பன்னிரண்டு மணிக்கு வராது, ஒன்றேகால் வாக்கில்தான். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். கண்குழி கறுத்த மதியப் படத்துக்கு அந்திவானம் ஒட்டவே ஒட்டாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் திடலுக்குப் போய் மறுபடி எடு.

அண்ணன் கல்யாண ஜோடியை விக்டோரியா பாலத்தில் ஒட்டினேன். ராட்சசர் மாதிரி தெரிகிறார்கள்.

1900இல் கட்டி முடித்த காராய் ரயில் பாலம்தானே, அங்கே இருபுறக் கம்பிகளே வழி சொல்லும். கம்பிக் கோடுகளை நீட்டிப் பார், எல்லாம் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியின் உயரம்தான் கேமரா இருந்த உயரம். ஜோடியை நீ நின்றுகொண்டு எடுத்தாயா, மண்டபப் படியில் உட்கார்ந்து எடுத்தாயா? அசல் படத்தில் கேமரா உயரம் அவர்கள் இடுப்பில் வந்திருந்தால், பாலத்திலும் அந்தப் புள்ளி இடுப்புக்கு நேரே வர வேண்டும். வரவில்லையா, அளவை மாற்றிப் பிரயோசனமில்லை. பாலத்துக்குப் போய் அதே உயரத்தில் குனிந்து பின்னணியை எடு. காராய் பக்கத்தில்தானே, மோட்டார் சைக்கிளில் போய் வந்துவிடலாம்.

இப்போதுதான் ஏஐ ஒரு பட்டனில் எல்லாம் செய்கிறதே. இதெல்லாம் வீண் வேலை இல்லையா? அதோடு, ஒட்டுவதே ஏமாற்று இல்லையா? (ஓய்வு பெற்ற கிராணி ஐயா)

இரண்டாவதுக்கு முதலில் பதில் ஐயா. 1857இலேயே ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். விக்டோரியா மகாராணியே அதன் ஒரு பிரதியை வாங்கினார். ஒட்டுப்படம் என்று சொல்லி ஒட்டினால் ஏமாற்று இல்லை.

ஏஐயை நானும் பயன்படுத்துகிறேன். பின்னணியில் குப்பைத்தொட்டியை அழிக்க, வானத்தின் ஓரத்தை நீட்ட நல்லது. முகத்தில் கை வைக்க விடமாட்டேன். மங்கிய படத்தைத் தெளிவாக்கச் சொன்னால், இல்லாத விவரத்தை அது எங்கிருந்து எடுக்கும்? வேறு எத்தனையோ முகங்களைப் பார்த்த பழக்கத்தில் ஊகித்து வரையும். தாத்தாவின் சாயலில் வேறொருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

கடையில் பிரிண்ட் போட்டால் இருட்டடிக்கிறது.

திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்து வேலை செய். எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமி. 8ஆர் (8க்கு 10 அங்குலம்) அளவுக்கு 2400க்கு 3000 பிக்சல் வேண்டும். முதலில் சின்ன 4ஆரில் ஒன்று போட்டுப் பார், சில்லறைக் காசுதான்.

கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை நடிகர் பக்கத்தில் ஒட்டி, விளையாட்டுக்கு அனுப்பலாமா?

கூடாது. அவளிடம் கேட்டாயா?

நான் பிறந்து வளர்ந்த லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) இடித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஒரு படம்கூட இல்லை. அந்த வாசலில் நான் நிற்கிற மாதிரி பண்ண முடியுமா தம்பி? (பேரன் கையெழுத்தில், ஒரு பாட்டி)

பண்ணலாம் பாட்டி. வேறு தோட்டத்தில் இடிக்காத பழைய லயம் ஒன்று எனக்குத் தெரியும், அதைப் படம் எடுத்துச் சுவர், கதவு நிறத்தை உங்கள் வீட்டுக்கு மாற்றிவிடலாம். அதற்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த நீலம் இல்லை, இன்னும் வெளுத்தது" என்று சொல்ல வேண்டும். வாசல் எந்தத் திசை பார்த்திருந்தது? மனசில் அந்த வீடு எந்த நேரத்தில் தெரிகிறது? விடியுமுன் ரப்பர் வெட்டுக்குக் கிளம்பும்போதா, ரப்பர் பாலை நிறுத்துவிட்டுத் திரும்பும்போதா? திரும்பும் நேரம் என்றால் வெயில் ஏறியிருக்கும், உங்களையும் அந்த வெயிலில்தான் எடுப்பேன். அடுத்த ஞாயிறு பேரன் மோட்டாரில் வரும்போது, பால் வாளியோ, மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமோ வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள். வாளியை மட்டும் ஒட்டமாட்டேன், அதை நீங்களே கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.