குளிர் அறையில் டிரிஸ் கரைசலின் பிஎச் ஏன் உயர்கிறது?

பெங்களூருவில் ஆய்வகப் பயிற்சி பெறும் மாணவி ஒருவர், 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7.4 எனச் சரிசெய்த டிரிஸ் தாங்கல் கரைசல் (அமில, கார அளவான பிஎச்சை எளிதில் மாறவிடாத கரைசல்) 4 டிகிரி குளிர் அறையில் ஏறத்தாழ 8.0 காட்டுவது தன் பிழையா என்று கேட்டிருக்கிறார். பிழையன்று, அவருடைய அளவீடு மிகச் சரியானது.

புரோட்டான் ஏற்ற டிரிஸ் மூலக்கூறு அதை விடுவிக்கும்போது மோலுக்குச் சுமார் 47 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெப்பத்தை உறிஞ்சும் சமநிலையைக் குளிர்வித்தால் அது பின்னோக்கி நகரும் என்பதால், புரோட்டான்கள் டிரிஸிடமே தங்கிவிடுகின்றன; கரைசலில் அவற்றின் செறிவு குறைந்து பிஎச் உயர்கிறது. இந்த வெப்ப அளவை (என்தால்பி), வெப்பநிலையோடு சமநிலை மாறுவதைக் கணக்கிடும் வான்ட் ஹாஃப் சமன்பாட்டில் இட்டால் டிகிரிக்கு 0.028 அலகு மாற்றம் கிடைக்கும். 21 டிகிரிக்கு அது 0.59. அதே கரைசல் 37 டிகிரி இன்குபேட்டரில் சுமார் 7.1 ஆக இறங்கிவிடும் என்பதைத்தான் நான் கூடுதல் கவலையுடன் சொல்வேன், ஏனெனில் நொதிகளின் வேகம் அங்குதான் பெரும்பாலும் அளக்கப்படுகிறது.

மற்றொரு தாங்கல் பொருளான பாஸ்பேட்டின் இரண்டாம் அயனியாக்கத்துக்கு (அது தன் இரண்டாவது புரோட்டானை விடுவிப்பதற்கு) மோலுக்குச் சுமார் 4 கிலோ ஜூலே போதும். ஆகவே அதன் பிஎச் அசைவதில்லை என்றே சொல்லலாம், ஆனால் கால்சியம் இருந்தால் வீழ்படிவாகும்.

நம் இரத்தமும் விலக்கன்று: மூடிய குழாயில் குளிர்வித்தால், முக்கியமாகப் புரதங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் காரணமாக, அதன் பிஎச் டிகிரிக்குச் சுமார் 0.015 உயர்கிறது.

பிஎச் மீட்டரின் வெப்பநிலைத் திருத்தம் மின்முனையின் சரிவை (ஒரு பிஎச் அலகுக்கு அதன் மின்னழுத்தம் மாறும் அளவை) மட்டுமே திருத்துகிறது, கரைசலின் இந்த மாற்றத்தையன்று. எனவே பயன்படுத்தப்போகும் வெப்பநிலையிலேயே கரைசலைச் சரிசெய்யுங்கள்.