வளரும் பிள்ளைகளிடம் பாலியல் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, மகளுக்கு 10 வயது. சென்ற வாரம் என் கைப்பேசியில் மகன் ஆபாசப் படங்களைத் தேடிப் பார்த்திருப்பது தெரிந்தது. அவன் அப்பா கோபத்தில் அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்கு ஒரு பக்க மார்பில் சிறிய வீக்கமும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் ‘பொம்பளை’, ‘ஒம்போது’ என்று கேலி செய்கிறார்களாம். இந்த வயதில் பாலியல் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் எங்கிருந்து தொடங்குவது? (ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அந்த வீக்கத்திலிருந்தே தொடங்குங்கள், அம்மா. பருவமடையும் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மார்புக்காம்பின் அடியில் பட்டன் அளவுக்கு ஒரு கட்டி தோன்றுவதும், தொட்டால் அது சற்று வலிப்பதும் இயல்பானவை. பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆண் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் முழு அளவை எட்டும் வரை இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் சில காலம் மாறியிருப்பதால்தான் இந்த வீக்கம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். கட்டி வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, விதைகள் வளரவில்லை என்று தோன்றினாலோ குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். தான் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறோமோ என்று உங்கள் மகன் தனியாக அஞ்சிக்கொண்டிருக்கக்கூடும். கைப்பேசியில் அவன் தேடியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. இந்தியப் பள்ளிகளுக்காக 2005-இல் கொண்டுவரப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, எதிர்ப்புக் கிளம்பியதும் 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்ததற்கும் இந்தப் பயமே காரணம். ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு மாறான முடிவையே தருகிறது: முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் உடலுறவில் ஈடுபடுவது கூடுவதில்லை, சிலர் அதைத் தள்ளிப்போடவும் செய்கிறார்கள். நாம் பேசாமல் விட்ட இடத்தை நிரப்ப வேறு ஆட்கள் எப்போதும் தயாராகவே இருக்கிறார்கள். ‘சிறுவயதுத் தவறுகள்’ என்று தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் மிரட்டி, விடுதி அறைகளில் லேகியம் விற்பவர்களை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதையும் சுயஇன்பத்தையும் நோயென்று நம்பி, உடல் தேய்ந்துவிட்டதாகப் புலம்பிக்கொண்டு வரும் இளைஞர்களை மருத்துவர்கள் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விந்து வெளியேறுவதால் இரத்தமோ பலமோ குறைவதில்லை என்ற ஒரே ஒரு செய்தியை 13 வயதில் தந்தை சொல்லியிருந்தால், அவர்களில் பலர் பல ஆண்டு வேதனையிலிருந்து தப்பியிருப்பார்கள்.

ஆகவே அடித்த தந்தையே முதலில் பேசட்டும். ‘அடித்தது தவறு, உன்னிடம் பேசியிருக்க வேண்டும்’ என்று அவர் சொல்லாதவரை, வேறெதையும் மகன் காதில் வாங்கமாட்டான். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது கூச்சமாக இருந்தால், மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கும்போது பேசலாம். இந்த வயதில் உடல் பற்றிய ஆர்வம் வருவது இயற்கை என்பதையும், அவன் பார்த்த படங்கள் பணத்துக்காக நடித்து, வெட்டி ஒட்டித் தயாரிக்கப்பட்டவை என்பதையும் அவர் விளக்க வேண்டும். அப்படங்களில் எதிரில் இருப்பவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை, வலியையும் அச்சத்தையும் யாரும் பொருட்படுத்துவதில்லை; மெய்யான உறவில் முதலில் இருக்க வேண்டியவையே அங்கு இல்லை என்று அவனுக்குப் புரியச் செய்வது, கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட நெடுங்காலம் பயன் தரும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை, அவள் மனம் மாறும்வரை நாயகன் பின்தொடரும் திரைப்படக் காட்சிகளைப் பற்றியும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போதே பேசிவிடுங்கள்.

திரைப்படத்தைவிட ஆழமாகப் பதிவது வீட்டுப் பேச்சு. ‘பொட்டப்பிள்ளை மாதிரி அழாதே’ என்று கேட்டு வளர்ந்த பையனுக்குப் பெண்மை என்பது இழிவாகப் பதிந்துவிடுவதால்தான், பள்ளியில் கேட்ட ‘பொம்பளை’ என்ற சொல் அவனை அவ்வளவு காயப்படுத்துகிறது. மகள் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, பதாகை வைத்து மஞ்சள் நீராட்டு நடத்தும் நம் குடும்பங்களில், அந்த இரத்தம் எங்கிருந்து, எதற்காக வருகிறது என்று அவளுக்குச் சொல்பவர்கள் எத்தனை பேர்? அண்ணனோ தம்பியோ பக்கத்தில் வந்தால் பேச்சே நின்றுவிடுகிறது. மாதவிடாய் பற்றி உங்கள் மகனுக்கும் தெரிய வேண்டும். கடையில் நாப்கின் வாங்கி வரச் சொன்னால் அவன் கூசாமல் போய் வர வேண்டும்.

பாலினம் பற்றிப் பேசும்போது மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள். பிறந்த உடல் ஒன்று. தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ வேறாகவோ உள்ளுக்குள் உணர்வது இன்னொன்று. யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது மூன்றாவது. நடை, பேச்சு, மென்மை, மார்பு வீக்கம் ஆகிய எதைக் கொண்டும் ஒருவரின் பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ பிறர் முடிவு செய்ய முடியாது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. திருநங்கையரும் திருநம்பியரும் தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடுத்தது, அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது பற்றிய புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே ஆணைகளை வழங்கினார். ‘ஒம்போது’ என்ற சொல்லை உங்கள் மகன் மேல் வீசியது எவ்வளவு தவறோ, ஒரு திருநங்கை மேல் வீசுவதும் அதே அளவு தவறு என்பதை அவன் உங்களிடமிருந்து கேட்க வேண்டும். கேலியை நிறுத்துமாறு வகுப்பாசிரியரிடம் நீங்கள் நேரில் சென்று கேளுங்கள்.

மகளுக்கும் இதுதான் நேரம். மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம் என்பதால், அது வரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். உறுப்புகளை அவற்றின் பெயராலேயே இரு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரிந்த பிள்ளையால்தான், யாராவது தவறாகத் தொட்டால் எங்கே தொட்டார்கள் என்று சொல்ல முடியும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதும், உதவிக்கு 1098 என்ற இலவச எண் உண்டு என்பதும் இருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வீக்கத்தைக் காட்டக் குழந்தை மருத்துவரிடம் செல்லும்போது, பரிசோதனை முடிந்ததும் நீங்கள் சற்று வெளியே வந்து, மகன் மருத்துவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச வாய்ப்புக் கொடுங்கள். என்ன கேட்டான் என்று வீட்டுக்கு வந்து விசாரிக்காதீர்கள். சொல்லத் தோன்றும்போது அவனே சொல்வான்.