கேமிங்குக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர் வாங்குவதா, இன்டெல்லின் கோர் ஐ5 12400எஃப் வாங்குவதா? எது காசுக்கு ஏற்றது?

கேள்வியில் மொத்த பட்ஜெட் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, கிராபிக்ஸ் கார்டு பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அதனால் கல்லூரியில் படிக்கிறீர்கள், வீட்டில் ஒரு தடவைதான் பணம் கேட்க முடியும், 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டர் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மதர்போர்டோடு சேர்த்துப் பார்க்கும்போது அன்றைக்கு எது குறைவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். இப்படிச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் அடிக்க வருவார்கள் என்று தெரியும். வரட்டும். அந்தச் சண்டை எங்கள் வீட்டிலேயே நடந்து முடிந்துவிட்டது.

நான் 2019-இல் ரைசன் 5 2600-ஐ ஒரு பி450 மதர்போர்டில் போட்டு வாங்கினேன். அன்றைக்குக் கேலி செய்யாத ஆள் இல்லை. "ஏஎம்டி அடுப்பு மாதிரி சுடும் சார்" என்று கடையில் இருந்த பையன் முதல் என் மச்சினன் வரை எல்லோருக்கும் ஒரே பல்லவி. அந்தப் பேச்சு 2012-இல் வந்த ஏஎம்டியின் எஃப்எக்ஸ் 8350 பிராசஸர் காலத்தது. அது 125 வாட் சிப், சரி, சுடத்தான் செய்யும். ஆனால் 2017-இல் ரைசன் வரும்வரை டெஸ்க்டாப் ஐ5 என்றால் நாலு கோர்தான் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) என்று இன்டெல் உட்கார்ந்திருந்ததை யாரும் பேசமாட்டார்கள். அந்த வருஷ மார்ச்சில் ரைசன் வந்தது, அக்டோபரில் ஆறு கோரோடு ஐ5 8400 வந்தது. இன்றைக்கு 12400எஃப்-இல் ஆறு கோர் இருப்பதற்கு மச்சினன் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

நான் ஏஎம்டி பக்தன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2020 நவம்பரில் 5600எக்ஸை 299 டாலருக்கு விட்டார்கள், அதைவிட மலிவான 5600-ஐக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் கண்ணிலேயே காட்டவில்லை. 2022 ஜனவரியில் 12400எஃப் வந்து அடித்த பிறகுதான் ஏப்ரலில் 199 டாலருக்கு 5600 இறங்கியது. போட்டி இல்லாவிட்டால் இரண்டு பேருமே நம்மை மொட்டை அடிப்பார்கள்.

அந்த 5600 விலை குறைந்ததும் வாங்கி என் பழைய பி450 போர்டிலேயே மாட்டினேன். போர்டும் ரேமும் பழையவையே. பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுசாக்க வேண்டியிருந்தது. அதே சமயத்தில் மச்சினன், "மாமா, இன்டெல்னா இன்டெல்தான்" என்று சொல்லி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12400எஃப்-உம் எச்610 போர்டும் வாங்கினான். இருவரிடமும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கேபினட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

சைபர்பங்க் 2077 கேமை 1080பி-யில் ஓட்டினோம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, பிராசஸர் சும்மா காத்திருக்கிறது. வாலரன்ட் கேமில் திரை மூலையில் ஓடும் எண் (நொடிக்கு எத்தனை படம் என்று காட்டுவது) கொஞ்சம் மாறியது, ஆனால் அது மானிட்டர் காட்டக்கூடிய 144 ஹெர்ட்ஸைத் தாண்டி எங்கேயோ இருந்தது. இதில் யார் ஜெயித்தால் என்ன?

ஒரே ஒரு விஷயத்தில் அவன் மெஷின் தோற்றது. ஜிடிஏ 5-இல் வேகமாகக் கார் ஓட்டினால் அங்கங்கே திக்கியது. திறந்து பார்த்தால் ஒற்றை ரேம். ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யையும் பயாஸில் போடவில்லை, 3200 என்று வாங்கியது அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மாதிரி இன்னொரு ரேமைப் போட்டு எக்ஸ்எம்பி-யை ஆன் செய்ததும் திக்கல் நின்றது. இரண்டு பிராசஸர்களுக்கு நடுவே நாங்கள் தேடிய வித்தியாசத்தைவிட இது பெரிசாக இருந்தது. யூடியூபில் விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டைப் போட்டு பார் சார்ட் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 4090 வாங்குகிறவன் 12400எஃப்-ஐயா பார்த்துக்கொண்டிருப்பான்?

நான் ரிவ்யூவர் இல்லை, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் சோதனை ஆய்வகச் சோதனையும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு இன்டெல் பக்கம் உள்ள ஒரு நியாயத்தையும் சொல்கிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவான கார்டில் நாலே பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்தான் (கார்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே தகவல் போகும் பாதை). பி450 போர்டில் அது 3.0 வேகத்தில் ஓடி நன்றாகவே அடிவாங்கும். எச்610-இல் 4.0 கிடைக்கிறது. அந்த மாதிரி கார்டு போடுவதாக இருந்தால் 12400எஃப் வாங்குங்கள், இல்லையென்றால் ரைசனோடு பி550 போர்டு. அப்புறம், இந்த இரண்டு பிராசஸரிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் திரையில் ஒன்றுமே வராது.

"நாளைக்கு அப்கிரேட் பண்ணலாம்" என்ற பேச்சு இரண்டு பக்கமும் பழசாகிவிட்டது. என் போர்டு எனக்கு உழைத்தது உண்மை. ஆனால் ஏஎம்டி 2022-லேயே ஏஎம்5 என்ற புது சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) போய்விட்டது, இன்டெல்லும் 2024-இல் சாக்கெட்டை மாற்றிவிட்டது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஏஎம்5-இல் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600 பாருங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். எங்கள் ஊரில் ஒரு கடைக்கு ஹார்டு டிஸ்க் வாங்கப் போனேன். விலை பேசி முடித்துப் பணம் எண்ணும்போது, "பில் வேணுமா சார்? வேணும்னா 18 சதவீதம் கூட ஆகும்" என்றார் கடைக்காரர். எம்ஆர்பி என்றாலே வரி சேர்ந்த விலைதானே என்றேன். "அப்படிப் பார்த்தா வியாபாரம் பண்ண முடியாது சார்" என்கிறார், ஏதோ நான் கடன் கேட்டதுபோல. வரி கட்டுகிற நான் குற்றவாளி மாதிரி நின்றேன். வாங்காமல் வந்துவிட்டேன். பெட்டியோடு வரும் பிராசஸருக்கு இரண்டு கம்பெனியும் மூன்று வருஷ வாரண்டி தருகிறார்கள், பில் இல்லாமல் அதைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

5600 கேட்டால் 5500-ஐ எடுத்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார், அதுவும் ஆறு கோர்தான்" என்பார்கள். ஒண்ணு இல்லை. 5600-இல் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16 எம்பிதான், பிசிஐ எக்ஸ்பிரஸும் 3.0. பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.