நின்டெண்டோ 64: விளையாட்டு உடனே தொடங்கியும் படம் மங்கலாகத் தெரிந்தது ஏன்?

1996-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ 64, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கருவி; அதன் விளையாட்டுகள் குறுந்தட்டில் அல்லாமல், கார்ட்ரிட்ஜ் எனப்படும் சில்லுப் பெட்டிகளில் விற்கப்பட்டன. சில்லிலிருந்து தரவை மிக விரைவாகப் படிக்க முடியும் என்பதால், குறுந்தட்டைப் பயன்படுத்திய போட்டிக் கருவியான பிளேஸ்டேஷனில் இருந்த நீண்ட காத்திருப்பு இதில் ஏறக்குறைய இல்லை. நான்கு பேர் சேர்ந்து விளையாட முகப்பிலேயே நான்கு இணைப்புகளும் இருந்தன.

அஞ்சறைப்பெட்டி அடுப்பருகே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், மாதச் சாமான் முழுவதும் அதில் கொள்ளாது அல்லவா? கார்ட்ரிட்ஜின் நிலையும் அதுதான்: அதன் உச்சக் கொள்ளளவு 64 மெகாபைட், குறுந்தட்டிலோ ஏறத்தாழ 650 மெகாபைட். தயாரிப்புச் செலவும் கூடுதல். எனவே பாடல்களையும் காணொளிகளையும் பெரிதும் சுருக்கவோ கைவிடவோ நேர்ந்தது.

ஆனால் மங்கலுக்கு முதன்மைக் காரணம் வேறு. என் பார்வையில் கருவியின் பெருங்குறையும் அதுவே. சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்களை வைத்திருக்கும் உள் நினைவகம் வெறும் 4 கிலோபைட் என்பதால், சிறிய படங்களையே இழுத்துப் பெரிதாக்கி, கட்டங்கள் தெரியாதபடி மென்மையாக்க வேண்டியிருந்தது.

பெயரிலுள்ள 64, செயலி ஒரே வீச்சில் கையாளக்கூடிய எண்ணின் அகலத்தை, அதாவது பிட் எனப்படும் 0, 1 இலக்கங்கள் எத்தனை என்பதைக் குறிக்கிறதே தவிர, 32 பிட் கருவியைவிட இருமடங்கு தெளிவான படத்தைத் தரும் என்று பொருளல்ல.