ஆத்தங்குடிக் கல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கூடத்தில் ஆத்தங்குடி மொசைக் கல் பதிக்க வேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. ஆத்தங்குடி இருக்கும் காரைக்குடிப் பக்கம்தான் அவர் பிறந்தது. எங்கள் பொறியாளர் உடன்படவில்லை. கனமான கல், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, கறை பிடிக்கும், பதிக்கத் தெரிந்த ஆளும் இங்கே இல்லை என்கிறார். அதே பூ வேலைப்பாட்டை அச்சிட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. பார்வைக்கு எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கைவேலை என்பதற்காக ஒன்றை வாங்குவது வெறும் பழமைப் பற்றுதானா? இயந்திரம் இதைவிடத் துல்லியமாகச் செய்யும் காலத்தில் இந்தத் தொழில் பிழைத்திருக்கத்தான் வேண்டுமா? நேராகக் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

வீடு கட்டுகிறவர் கேட்கவேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பொறியாளர் சொன்ன குறைகளில் பொய் ஒன்றும் இல்லை. கல் கனம்தான், கறையும் பிடிக்கும்.

மொசைக் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மொரோக்கோவின் ஃபெஸ் நகரில், மெருகு பூசிச் சுட்ட களிமண் ஓடுகளைச் சுத்தியலால் சிறுசிறு துண்டுகளாகச் செதுக்கி, அவற்றைக் கோத்துக் கோலம் அமைக்கிறார்கள். ஸெலிஜ் எனப்படும் அந்த வேலை மொசைக். நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய வீடுகளில் மொசைக் என்றால், சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி எந்திரத்தால் தேய்த்த தரை. ஆத்தங்குடிக் கல்லில் துண்டுகளும் இல்லை, தேய்ப்பும் இல்லை. அது கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கும் கல்.

ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். சதுரக் கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைத்துத் தரையில் வைக்கிறார் அந்தத் தொழிலாளி. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூவின் கோடுகளை மட்டும் உலோகப் பட்டையால் வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம்: சிமெண்டும் நிறப்பொடியும் தண்ணீரும் கலந்த கூழைச் சிறு கரண்டியால் மொண்டு ஊற்றுகிறார். பிறகு மூச்சை அடக்கியவர்போல ஒரு கணம் நின்று, அச்சை நேர்மேலாகத் தூக்குகிறார். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. அதன் மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையை நிரப்பி, அழுத்தி மட்டம் செய்து ஓரமாக எடுத்துவைக்கிறார். இறுகிய கல் பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, பிறகு காய்கிறது. கண்ணாடியை விலக்கும்போதுதான் கல்லின் முகம் வெளிப்படுகிறது. அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

கூழ் நீர்த்துவிட்டால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். கெட்டிப்பட்டால் மூலைகளுக்குப் போய்ச் சேராது. சித்திரை வெயிலில் எவ்வளவு தண்ணீர், ஐப்பசி மழையில் எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் அளந்து பார்ப்பதில்லை, கரண்டியிலிருந்து கூழ் விழும் விதத்தைப் பார்த்துச் சொல்கிறார். பூ வடிவத்தை எவரும் படமெடுத்து அச்சிடலாம், ஏற்கெனவே அச்சிட்டும் விட்டார்கள். இந்தக் கைப்பக்குவம் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிற இன்னொருவருக்கு மட்டுமே போய்ச் சேரும். தொழில் பிழைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இதைப் பல நூற்றாண்டுப் பழமை என்று உங்களிடம் யாராவது சொல்லி விற்றால் நம்பவேண்டாம். பூப்போட்ட சிமெண்டுக் கல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஐரோப்பிய, ஜப்பானிய ஓடுகளும் கொண்டுவந்து வீடு கட்டிய காலத்தில், அந்த அழகை இங்கேயே செய்துகொள்ள முடியும் என்று காட்டியவர்கள் ஆத்தங்குடிக்காரர்கள். ஐரோப்பியர் அந்தக் கல்லை அழுத்த எந்திரத்தில் இறுக்கினார்கள். இவர்கள் எந்திரமே இல்லாமல் ஒரு கண்ணாடித் தகட்டையும் உள்ளூர் மணலையும் கையையும் வைத்து அதைச் சாதித்தார்கள். அதன் பெருமைக்கு இதுவே போதும். அதுபோலவே, சூளை காணாத கல் என்று புகழ்வதிலும் பாதிதான் உண்மை. விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் வேகிறது, இந்தக் கல் வேகுவதில்லை என்பது சரி; ஆனால் இதில் சேரும் சிமெண்டு அதைவிடக் கடுமையான சூளையிலிருந்துதான் வருகிறது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது செட்டிநாட்டின் பெருஞ்செல்வம் அங்கேயே சிக்கிக்கொண்டது. அரண்மனை போன்ற வீடுகள் கட்டும் காலமும் அத்தோடு முடிந்தது. இன்று பட்டறைகளுக்கு வேலை கொடுப்பதில் விடுதிகளுக்கும் வசதியானவர்களின் வீடுகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கான அலங்காரமாக மட்டும் ஒரு தரை ஆகிவிட்டால், அலங்காரத்தின் மோகம் மாறும் நாளில் தொழிலும் போய்விடும். உங்களைப்போல ஒரு கூடத்துக்குக் கேட்பவர்கள் ஆண்டு முழுதும் வந்துகொண்டிருந்தால்தான் அந்தத் தொழிலாளிக்கு ஒழுங்கான கூலி கிடைக்கும். நாளெல்லாம் ஈரத்தில் குந்தி உட்காரும் வேலைக்குப் போதிய கூலி இல்லையென்றால், அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

கல்லைப்போலவே பதிக்கும் கொத்தனாரும் முக்கியம். எங்கள் வீட்டு முகப்பில் பதித்தபோது, வேலை முடிந்ததும் சிமெண்டுக் கறை போகட்டும் என்று ஒப்பந்தக்காரர் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார். சிமெண்டை ஆசிட் அரிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரே பகலில் தரை சாம்பல் பூத்ததுபோல வெளுத்தது, விரலால் தொட்டால் நறநறத்தது. காரைக்குடியிலிருந்து ஒரு வயதான கொத்தனாரை அழைத்துவந்தோம். அவர் யாரையும் ஏசாமல், தேங்காய் எண்ணெயைத் தொட்டு உமியால் தேய்க்கத் தொடங்கினார். பழைய மெருகு முழுதும் திரும்பவில்லை. ஆனால் நாங்கள் அன்றாடம் நடக்கும் தடம் இன்று மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருக்கிறது. நடக்க நடக்க மெருகேறும் தரை என்று செட்டிநாட்டில் சொல்வதை அங்கேதான் நான் கண்ணால் கண்டேன்.

ஆகவே வீடு முழுவதும் பதிக்கவேண்டாம், கூடத்துக்கு மட்டும் வாங்குங்கள். சமையலறையில் புளியும் எலுமிச்சையும் சிந்தும், அங்கே வேறு தரை போடுங்கள். வெள்ளையடிப்பும் மின்வேலையும் முடிந்தபின் கடைசியாகப் பதியுங்கள். அந்த ஊர்ப் பக்கத்துக் கொத்தனாரையே, செலவானாலும், வரவழையுங்கள். பத்துப் பதினைந்து கல் கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். ஆசிட் போத்தல் வீட்டுக்குள்ளேயே வரவேண்டாம்.

பார்வைக்கு வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாதுதான். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருநாள் ஆத்தங்குடிக்குப் போய்வாருங்கள். பட்டறை மூலையில் உடைந்த கற்கள் கிடக்கும், ஒன்றைக் கேட்டு வாங்கி, உடைந்த விளிம்பைப் பாருங்கள். சிவப்பு எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்பது தெரியும். பிறகு உங்கள் ஊர்க் கடையில் அந்த அச்சிட்ட டைல்ஸிலும் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு அதே விளிம்பைப் பாருங்கள். இரண்டையும் பொறியாளரின் மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

அன்புடன்.