தேதி எங்கே போட்டிருக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடிப் பக்கம். தஞ்சாவூரில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிராஃபிக் டிசைனர் ஆக ஆசை. நானாகவே புராஜெக்ட் செய்து பழகுகிறேன். பாரிஸ் சென்ட் ஒன்றுக்குப் பெட்டி, நியூயார்க் காபிக் கடைக்கு லோகோ, விண்வெளிப் படத்துக்குப் போஸ்டர், எல்லாமே கற்பனைதான். நல்ல லேப்டாப் இல்லை. எந்த சாஃப்ட்வேரை முதலில் கற்றுக்கொள்வது? சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? எங்கள் ஊரில் டிசைன் என்று சொல்ல எதுவுமே இல்லை. அப்பா தன் விதைநெல் கடைக்கு ஒரு போர்டு செய்துதரச் சொல்கிறார். அதையெல்லாம் போர்ட்ஃபோலியோவில் வைக்க முடியாது என்பதால் தள்ளிப்போட்டு வருகிறேன்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

லோகோ, எழுத்து வரைய இன்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப், இரண்டும் இலவசம். கல்லூரிக் கணினியிலேயே பழகலாம். 45,000 ரூபாயை இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதே. சரி, அது முடிந்தது. நான் பதில் எழுத உட்கார்ந்தது உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்காக.

அப்பா வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், நீ தள்ளிப்போட்டிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் என் பத்தொன்பது வயது ஞாபகம் வந்தது.

மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் விடுமுறைக்கு வேலை பார்த்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கிற காலம். ஒரு நாள் காரியப் பத்திரிகை ஒன்று வந்தது. கம்பாசிட்டர் ஊரில் இல்லை, நானே கோர்த்தேன். சுற்றிலும் பூ பார்டர். நடுவில் ‘பதினாறாம் நாள் காரியம்’ என்று பெரிய எழுத்து. அழகு கெடக்கூடாதென்று தேதியை அடியில் சின்ன எழுத்தில் போட்டேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

இறந்துபோன அம்மாளின் அண்ணன் வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்தார். காரியம் முடிந்து மறுநாள் வந்தார். தனக்குச் சேதி எட்டிய நாளிலிருந்து பதினாறு எண்ணியிருக்கிறார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அச்சக வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. “தேதி எங்க தம்பி போட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். “ஆமா, இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த “ஆமா, இருக்கு” இன்றும் என்னை விடவில்லை.

அதன் பிறகு கம்பாசிட்டர் எனக்கு ஒரு பழக்கம் வைத்தார். புரூஃப், அதாவது சரிபார்க்கிற பிரதி, எடுத்ததும் தெருவுக்குக் கொண்டுபோய் டீக்கடையில் இருக்கும் வயதானவர் கையில் கொடுக்க வேண்டும். முதலில் எதைப் படிக்கிறார், எங்கே கண்ணைச் சுருக்குகிறார் என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். நான் படித்த வகுப்பு அதுதான்.

உன் சென்ட் பெட்டியில் தப்பு இருந்தால் யார் வந்து உன் வாசலில் நிற்கப்போகிறார்கள்?

இப்போது அப்பாவின் போர்டுக்கு வா. அது லேசான வேலை என்றா நினைக்கிறாய்? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைப் பட்டத்துக்கு ஆள் வரும். அவருக்கு ஏடிடி 43 மாதிரி 110 நாளில் வருகிற நெல் வேண்டும். சம்பாவுக்கு வருகிறவர் ஆயிரத்தொன்பது இருக்கிறதா என்பார், அது ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற நெல். இன்னொருவர் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் தேடி வருவார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை நாள் நெல்லு?” அப்படியானால் போர்டில் எது பெரிதாக இருக்க வேண்டும்? கடைப் பெயரா, நெல்லின் பெயரா, நாளா? பட்டத்துக்குப் பட்டம் மாறுகிற பட்டியலை நிரந்தரமான போர்டில் எப்படி வைப்பாய்? இதற்கு விடை கண்டுபிடி. மூன்று வழியில் வரைந்து பார், கடை வாசலில் ஒட்டு, நாலு நாள் உட்கார்ந்து கவனி. இதைவிட நல்ல புராஜெக்டை எந்தப் பயிற்சி நிலையமும் உனக்குத் தராது.

இன்னொன்று. நீ சொன்ன மூன்றிலும் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது என்று நினைக்கிறேன். தமிழ் எழுதுவது ஆங்கிலம் மாதிரி அல்ல. நமக்கு கேப்பிடல் எழுத்து, ஸ்மால் எழுத்து என்ற பேதம் கிடையாது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அளவு, தடிமன், சுற்றிலும் விடுகிற வெற்றிடம், நிறம் இவற்றை வைத்துத்தான் செய்யவேண்டும். ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும், ‘வி’, ‘றீ’ மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டு. இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதே. நம் ஊர் ஃப்ளெக்ஸ்களில் பாதி அப்படி நசுங்கிப்போனவைதான், பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. சாஃப்ட்வேரில் ‘கொ’ என்று தட்டிப் பார். கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் அமைப்பை மாற்றாமல் ஒரு வரிகூட மேலே போகாதே.

ஊரில் ஒன்றுமே இல்லை என்றாயே, அதையும் கேட்டுக்கொள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் இறங்கிய தரங்கம்பாடி உனக்கு எவ்வளவு தூரம்? அவருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை. காகிதமோ கிடைப்பதற்கு அரிது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் 1715-ல் அச்சாகி முடிந்தது. எத்தனை எழுத்து, எவ்வளவு காகிதம், எப்படி அடக்குவது? முந்நூறு வருஷத்துக்கு முன் நம் கடற்கரையில் டிசைன் வேலைதான் நடந்திருக்கிறது. ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். அந்தக் கவின்கலைக் கல்லூரி இன்றும் இருக்கிறது. ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா.

சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு அப்பா கடையில் உட்கார். வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள். போர்டு முடிந்ததும் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துப் படிக்கச் சொல். முதலில் எதைப் படித்தார் என்று எனக்கு எழுது.

அன்புடன்